ஒன்பதாம் பாத்திக்குப் பத்தியம்

கொஞ்சம் நகந்து உக்காருங்க டீச்சர். டீச்சர்தானே? அதான பாத்தேன். கைப்பையில பரீட்சைப் பேப்பரு கட்டுக் கட்டாத் துருத்திக்கிட்டு நிக்குதே. இந்தத் தூக்கை ஒரு நிமிஷம் பிடிச்சுக்குங்க, நான் சேலையச் சரி பண்ணிக்கிறேன். மூடிய அழுத்திப் பிடிங்க, சிந்திடக் கூடாது. சுண்டல் இல்லை, சுண்டல் வேகவச்ச தண்ணி. தண்ணி மட்டுந்தான். சுண்டலை வீட்டுல அவருக்கு வச்சிட்டு வந்துட்டேன்.

எதுக்குன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? சரி, கேக்கலாம்னு நெனச்சீங்க, மொகத்தப் பாத்தாத் தெரியுது. நான் அதிகம் பேசுற ஆள் இல்லை டீச்சர். எங்க தாழங்காட்டுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, தையல்நாயகிக்கு வாயே கெடையாதுன்னு சொல்லுவாங்க. ஆனா மனசுல ஒரு ஆத்தாமை கெடந்து அரிச்சா யாருகிட்டயாச்சும் சொல்லித்தான ஆகணும்? நீங்க என்ன பாடம் எடுக்குறீங்க? அறிவியலா! பாருங்களேன், அம்மன்தான் உங்களை இந்த சீட்டுல கொண்டாந்து உக்கார வச்சிருக்கா. முழுசாக் கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

எங்களுக்கு ஒரு மா நெலம். கடலுக்குக் கிட்டக்க. அந்தப் பெரிய புயல்ல கடல் ஏறி வந்து வயலுக்குள்ள ரெண்டு நாள் நின்னுச்சு. நாலு மழை பெஞ்சா கழுவிட்டுப் போயிடும்னாங்க. மழையும் பெஞ்சுச்சு, வருஷமும் போச்சு, உப்பு மட்டும் போகலை. கோடை வந்தா வயலே வெள்ளையாப் பூத்துக் கெடக்கும். நாத்து நட்டா பத்தாம் நாளே நுனி சுருண்டு, தீ வச்ச மாதிரி காஞ்சு போயிடும். நட்டு நட்டுக் கை ஓஞ்சுதான் மிச்சம்.

எங்க வீட்டுக்காரரு பொறுத்துப் பொறுத்துப் பாத்தாரு. பேரு வைரக்கண்ணு. புருஷன் பேரச் சொல்லக் கூடாதும்பாங்க, டீச்சருகிட்டச் சொல்லலாம். இறால் குட்டை போடுற ஆளு ஒருத்தரு மோட்டார் சைக்கிள்ல வந்து வந்து போவாரு. நெலத்தக் குத்தகைக்குக் குடுத்துடுங்க, நாங்க வெட்டிக் குட்டையாக்கிக்கிறோம்பாரு. இவருக்கு ஆசை வந்துடுச்சு. நான் ஒத்துக்கலை. ஒரு தடவை குட்டை வெட்டிட்டா அப்புறம் அது நெலமா டீச்சர்? குட்டைதான். பக்கத்து நெலமும் சேந்து கெட்டுப் போகும். நான் அழுதேன், ரெண்டு நாள் சோறு பொங்கலை, மூணாம் நாள் எனக்கே பசிச்சதால பொங்கினேன்.

அந்த நேரம் பாத்துத்தான் ஆராய்ச்சிப் பண்ணையில இருந்து ஜெனிதான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. கன்னியாகுமரிப் பக்கம். பேச்சே பாட்டு மாதிரி இழுக்கும். டாக்டருக்குப் படிக்குதாம், ஆனா ஊசி போடத் தெரியாதாம். எனக்கு முட்டி வலின்னேன், அதுக்கு அது சிரிக்குது. நெல்லுக்கு டாக்டராம். ஸ்கூட்டியில வந்து எறங்கி, வெள்ளையாப் பூத்துக் கெடக்குற எங்க வயலப் பாத்துட்டு அதுக்கு மொகமெல்லாம் சந்தோஷம். நாங்க தலையில கை வச்சிக்கிட்டு நிக்கிறோம், அது "இந்த மாதிரி எடத்தத்தாம்மா தேடிக்கிட்டு இருந்தேன்"னுது. அன்னிக்கே எனக்கு அது மேல ஒரு கோவம், ஒரு பிரியம், ரெண்டும் வந்துடுச்சு.

பதினாறு பாத்தி போட்டுச்சு. ஒவ்வொண்ணும் ரெண்டு பாய் அகலம். ஒரு பாத்தித் தண்ணி இன்னொண்ணுக்குப் போகாம நடுவுல பிளாஸ்டிக் ஷீட்டு பொதைச்சுச்சு. ஒவ்வொரு பாத்தியில ஒவ்வொரு நெல்லு, தலைமாட்டுல நம்பரு எழுதுன குச்சி. இதுல எது உப்பத் தாங்குதுன்னு கண்டுபிடிச்சா, அடுத்த சம்பாவுக்கு அந்த வெத மொதல்ல எங்க நெலத்துக்குத்தான்னு சொல்லுச்சு. வீட்டுக்காரரு, "ஒரு பட்டம், இந்த ஒரு வெள்ளாமை, பாக்குறேன். ஆனி பொறந்தா இறால்காரருக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன்"னுட்டாரு. என் நெலம் நெலமா இருக்குமா குட்டையாகுமாங்கிறது அந்தப் பதினாறு பாத்தியிலதான் இருந்துச்சு டீச்சர். அத ஞாபகத்துல வச்சுக்கிட்டுக் கேளுங்க.

தண்ணி ஊத்துற வேலை எனக்கு. என்ன தண்ணி? உப்புத் தண்ணி. பெரிய டிரம்முல கரைச்சு வச்சிருக்கும். மீட்டர வுட்டுப் பாத்து, இவ்வளவு உப்புதான்னு கணக்காக் கலக்கி வைக்கும். வாரத்துல ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பாத்திக்கு நாலு கொடம் ஊத்தணும். ஊத்தி முடிச்சா டிரம்மு காலியா இருக்கணும். பச்சப் பயிருல உப்புத் தண்ணிய ஊத்தச் சொன்னா மனசு வருமா? மொத நாள் கொடத்தத் தூக்கிக்கிட்டு நின்னேன். பயிரப் பாத்து "நான் ஊத்தலை, அந்தப் பொண்ணுதான் ஊத்தச் சொல்லுச்சு"ன்னு சொல்லிட்டுத்தான் ஊத்துனேன்.

அப்புறம் பொண்ணு உக்கார வச்சு வெவரம் சொல்லுச்சு. நெல்லு வேருல புரதம்னு ஒண்ணு இருக்காம். உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்றேன். வேரு தண்ணி குடிக்கிறப்ப உப்பும் கூடவே ஏறிக்குதாம். அந்தப் புரதத்துல ஒரு வகை வாசல்லயே நின்னுக்கிட்டு, ஏறுன உப்பைத் திருப்பி வெளிய தள்ளுமாம். ஏறக் கூடாதவனை நம்ம கண்டக்டரு எறக்கி விடுறாரே, அந்த மாதிரி. இன்னொரு வகை, தப்பிச்சுத் தண்டுக்குள்ள போற உப்பை நடு வழியில மறிச்சு இழுத்துக்குமாம், மேல எளந்தளிருக்குப் போக விடாம. மூணாவது வகை, அப்படியும் உள்ள நொழைஞ்ச உப்பை ஒரு உள்ளறையில போட்டுப் பூட்டிடுமாம். எல்லா நெல்லுலயும் இந்தப் புரதம் இருக்காம், ஆனா சிலதுல நல்லா வேலை பாக்கும், சிலதுல தூங்குமாம். எங்க ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரியான்னேன். ஆமாம்மான்னுச்சு.

நல்லாத்தான் சொல்லுச்சு. எனக்கும் நல்லாப் புரிஞ்சுச்சு. புரிஞ்சதுதான் வெனையாப் போச்சு.

ஒன்பதாம் பாத்தியில பொன்னி நட்டிருந்துச்சு. பொன்னி டீச்சர்! எங்க நெலம் நல்லா இருந்த வரைக்கும் நாங்க போட்ட நெல்லு. நான் கண்ணாலம் ஆகி வந்தப்புறம் பாதி நாள் அதத்தான் நட்டேன், அதத்தான் அறுத்தேன், அதத்தான் தின்னேன். உப்புத் தண்ணி ஊத்த ஆரம்பிச்ச மூணாம் வாரம் அது வாடுது. நுனி காயுது. நான் பதறிப் போயி, "பாப்பா, ஒன்பது போயிடும் போல இருக்கே"ன்னேன். அது நிமிந்துகூடப் பாக்கலை. நோட்டுல எழுதிக்கிட்டே, "ஒன்பது சாகணும்மா. அது செத்தாத்தான் மத்தது பொழைச்சதுக்கு அர்த்தம்"னுது.

என்னா வார்த்தை பாருங்க! எங்க நெல்லைக் கொண்டாந்து, எங்க நெலத்துலயே நட்டு, என் கையாலயே கொல்லச் சொல்லுது. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலை.

அந்த வாரமே அதோட அப்பாவுக்கு ஆபரேஷன்னு போன் வந்துடுச்சு. ஒரு மாசம் ஊருக்குப் போகணும். டிரம்முல கலக்கி வைக்கப் பண்ணையில இருந்து ஆளு வந்துட்டுப் போவாரு, நீங்க ஊத்துனாப் போதும்னு என் கையப் பிடிச்சிக்கிட்டுச் சொல்லுச்சு. "உங்களை நம்பித்தாம்மா போறேன்"னுச்சு. நானும் கவலைப்படாமப் போயிட்டு வா தாயீன்னு அனுப்பி வச்சேன். நெஜமாத்தான் சொன்னேன் டீச்சர்.

மறுநாள் அங்கன்வாடி டீச்சருகிட்ட, புரதம்னா என்னா, எதுல இருக்கும்னு கேட்டேன். முட்டை, சுண்டல், பருப்புன்னுச்சு. சரியாப் போச்சு! நோஞ்சான் புள்ளைக்கு முட்டை குடுத்துத் தேத்துறதில்லையா? நோஞ்சான் நெல்லுக்குக் குடுத்தா என்ன? மொதல்ல ஒரு முட்டைய ஒடைச்சு வேருல ஊத்துனேன். அது தப்பாப் போச்சு. தெரு நாயி வந்து மோப்பம் புடிச்சு ஒரு மூலையையே கிளறிட்டுப் போயிடுச்சு. நாலு குத்துப் பயிரு போச்சு. அப்புறந்தான் சுண்டல் தண்ணிக்கு மாறுனேன். கொண்டக்கடலைய உப்பு போடாம வேகவச்சு எறுத்த தண்ணி. வீட்டுக்காரரு உப்பில்லாத சுண்டலத் தின்னுட்டு, "இது யாரு வீட்டு எழவுக்கு?"ன்னு கேப்பாரு. கேட்டுட்டுப் போறாரு.

ஒரு சொம்பு சுண்டல் தண்ணி. வெறும் சுண்டல் தண்ணிய ஊத்தினா சூடு பிடிச்சுக்கும்ல? அதனால அதுகூட நாலு கொடம் நல்ல தண்ணி. கோடைக்காலம், குழாயில ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி வரும். வரிசையில நின்னு பிடிச்ச தண்ணியத் தலையில சொமந்துகிட்டுப் போயி ஊத்துனேன். வீட்டுல குளிக்கிற தண்ணியக் கொறைச்சாச்சு. அவரு மேல ஒரு வாடையே வந்துடுச்சு.

உப்புத் தண்ணியவா? ஒன்பதுக்கு அத நிறுத்திட்டேன். என்னா டீச்சர் இப்படிக் கேக்குறீங்க? மருந்து குடுக்கிறப்பப் பத்தியம் இருக்க வேணாமா? எங்க மாமனாரு மஞ்சக்காமாலைக்கு மருந்து சாப்பிட்டப்ப நாப்பது நாள் உப்பில்லாப் பத்தியம் இருந்தாரு. நாட்டு மருந்து எதுவுமே பத்தியம் இல்லாமப் பிடிக்காது. புரதம் குடுக்குறப்ப உப்பையும் குடுத்தா மருந்து எப்படி வேலை செய்யும்?

எதுக்கு இருமுறீங்க? தண்ணி வேணுமா? எங்கிட்ட பாட்டில் இருக்கு. வேணாமா? சரி.

பொழைச்சுடுச்சு டீச்சர்! பத்தே நாள்ல குருத்து விட்டுச்சு. இருவது நாள்ல பச்சைப் பசேல்னு நிக்குது. சுத்திலும் பாத்தியெல்லாம் மஞ்சளா, காவியா, பாதி செத்துக் கெடக்கு. நடுவுல என் பொன்னி மட்டும் மாப்பிள்ளை வீட்டாரு மாதிரி நிக்குது. எல்லாம் சுண்டல் தண்ணி.

ஒரு சிக்கல் மட்டும் இருந்துச்சு. டிரம்மு காலியாகணுமே. பண்ணை ஆளு வந்து பாப்பாரு. ஒன்பதுக்கு ஊத்த வேண்டிய நாலு கொடம் மிச்சம் நிக்குது. வரப்புல ஊத்துனா ஈரம் காட்டிக் குடுத்துடும். யோசிச்சேன். அந்தப் பொண்ணுக்கு என்னா வேணும்? ஒண்ணு சாகணும். அவ்வளவுதானே? எது செத்தா என்ன? பதினாலாம் பாத்தின்னு ஒண்ணு இருந்துச்சு. நெட்டையா, கோரை மாதிரி, கீழ் எலையெல்லாம் கருகிப் போயி, பாக்கவே சகிக்காது. நெல்லுன்னு சொன்னாத்தான் நெல்லு. அந்தப் பொண்ணுகூட அஞ்சையும் ஆறையும் கொஞ்சுமே தவிர இதக் கண்டுக்காது. சரி, நீ செத்துத் தொலைன்னு, ஒன்பதோட நாலு கொடத்தையும் அது தலையில ஊத்துனேன். அதோட பங்கு நாலு, இது நாலு, எட்டுக் கொடம். ஒவ்வொரு செவ்வாயும், ஒவ்வொரு வெள்ளியும். ஊத்துறப்ப ரெண்டு திட்டும் திட்டுவேன்.

ஒரு மாசம் கழிச்சுப் பொண்ணு வந்துச்சு. நேரா வயலுக்கு வந்து, ஒன்பதப் பாத்துச்சு. பாத்த எடத்துலயே நின்னுடுச்சு. மொகம் வெளுத்துப் போச்சு. குச்சிய எடுத்து நம்பரப் பாக்குது, நோட்டப் பாக்குது, மறுபடி குச்சியப் பாக்குது. "அம்மா, குச்சிய யாராச்சும் மாத்தி நட்டாங்களா?"ன்னுது. இல்லையேன்னேன். எனக்கோ உள்ளுக்குள்ள சிரிப்பு. மறுநாள் அதோட பெரிய ஐயா பல்கலைக்கழகத்துல இருந்து பாக்க வர்றாரு. நாலு பேரு முன்னாடி சொல்லிக்கலாம்னு வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். நான்தான் அதிகம் பேச மாட்டேனே.

மறுநாள் ஜீப்பு வந்துச்சு. பெரிய ஐயாவும் இன்னும் ரெண்டு பேரும் எறங்குனாங்க. எங்க வீட்டுக்காரரு சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு வரப்புல நிக்கிறாரு. நல்ல நாள் பாத்து இறால்காரரும் வந்து அவரு பக்கத்துல நிக்கிறாரு. பெரிய ஐயா ஒவ்வொரு பாத்தியாப் பாத்துக்கிட்டே வந்து, ஒன்பதுகிட்ட நின்னாரு. "இது என்ன?"ன்னாரு. பொண்ணு தலையக் குனிஞ்சுக்கிட்டு, "பொன்னி சார்"னுது. அவரு குனிஞ்சு எலைய நீவிப் பாத்தாரு. அப்புறம் அமைதியாச் சொன்னாரு, "சாதாரணப் பொன்னியே இப்படி நிக்குதுன்னா, நீ ஊத்துன உப்பு எங்கயும் பிடிக்கலைன்னு அர்த்தம்மா. இத வச்சு எந்த நெல்லையும் நல்ல நெல்லுன்னு சொல்ல முடியாது. இந்தப் பட்டத்துப் பயிர விட்டுடு. வேற எடம் பாக்கலாம்."

வேற எடமாம். பொண்ணு கண்ணுல பொலபொலன்னு தண்ணி. நோட்ட நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்குது. அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரரு என்னைப் பாக்குறாரு. இறால்காரரு சட்டப்பையில இருந்து பேனாவையே எடுத்துட்டாரு.

எனக்குப் பொறுக்கலை. நான் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு முன்னால போனேன். "ஐயா, ஒன்பது தானாப் பொழைக்கலை. நான்தான் பொழைக்க வச்சேன். புரதம் குடுத்தேன்"னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சுண்டல் தண்ணி, நாலு கொடம் நல்ல தண்ணி, பத்தியம், எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னேன். மாலை போடுவாங்கன்னுதான் நெனச்சேன் டீச்சர். பொண்ணு என்னைப் பாத்துச்சே ஒரு பார்வை. இன்னைக்கும் நெஞ்சுக்குள்ள இருக்கு. "அம்மா, உங்களை நம்பித்தானேம்மா போனேன்"னுச்சு. அவ்வளவுதான் சொல்லுச்சு. நாலு அறை அறைஞ்சிருக்கலாம். ஒரு மாசமாச் சந்தோஷமாச் சொமந்தேனே நாலு கொடம், அது அப்பத்தான் எனக்குக் கனத்துச்சு.

பெரிய ஐயா கோவப்படலை. மீட்டர வாங்கி ஒன்பதுல விட்டுப் பாத்தாரு. உப்பு ரொம்பக் கொறச்சல்னாரு. "ஏம்மா, இதுக்கு ஊத்த வேண்டிய உப்புத் தண்ணிய என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டாரு. "பதினாலுல ஊத்துனேங்கய்யா"ன்னேன். "எவ்வளவு நாளா?" "ஒரு மாசமாங்கய்யா. எட்டெட்டுக் கொடம்." பொண்ணு கண்ணத் தொடைச்சிக்கிட்டு மெதுவாப் பதினாலுகிட்ட நடந்து போச்சு. மீட்டர விட்டுச்சு. பாத்துட்டு ஐயாவக் கையக் காட்டிக் கூப்புடுது. அவரும் போயிக் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சு மறுபடி மாட்டிக்கிட்டு அந்தச் சேத்துலயே முட்டி போட்டு உக்காந்துட்டாரு. வேற எந்தப் பாத்தியிலயும் இல்லாத உப்பு அதுல நிக்குது. அவ்வளவு உப்புலயும் அந்தக் கோரை மண்டை கதிரு விட்டிருக்கு. கதிரப் பிதுக்கிப் பாக்குறாரு, பால் வருது.

கருகிக் கெடந்த கீழ் எலை இருக்கே, அத நான் அவலட்சணம்னுல்ல நெனச்சேன்? அதுதான் அதோட சாமர்த்தியமாம். ஏறுன உப்பையெல்லாம் கெழட்டு எலையில கொண்டு போயிக் கொட்டி, அதக் கருக விட்டுட்டு, எளங்குருத்துக்கும் கதிருக்கும் போக விடாமப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. அதோட புரதம் தூங்காத புரதம். பெரிய ஐயா சொன்னாரு, "நாம கணக்காக் குடுத்த உப்புல இது தெரிஞ்சிருக்காது ஜெனிதா. பத்தோட பதினொண்ணா நின்னிருக்கும். ஆனா ஒரு பாத்திய வச்சு எதுவும் சொல்ல முடியாது. திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கணும். இங்கயே போடு."

இங்கயே! நான் வீட்டுக்காரரப் பாத்தேன். அவரு இறால்காரரப் பாத்து, "பேனாவ மூடி வையுங்க, மசி காஞ்சிடப் போகுது"ன்னாரு.

ஐப்பசியில எங்க நெலம் பூரா பதினாலு நட்டோம். பண்ணையில இருந்து வெத குடுத்தாங்க. பழைய வெளச்சல் இல்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனா வெளஞ்சுச்சு. எத்தனையோ வருஷம் கழிச்சு எங்க நெலத்து அரிசியில தைப்பொங்கல் வச்சேன். பொங்கி வர்றப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு டீச்சர், அடுப்புப் புகைன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் மோட்டா அரிசிதான். அவரு சாப்புடறப்பல்லாம், "இந்தச் சோத்துக்கு உப்பு போடணுமா, வேணாமா?"ன்னு கேலி பண்றாரு.

சரி, இதுல எனக்கு என்ன ஆத்தாமைன்னு கேப்பீங்க. எல்லாரும் பதினாலு பதினாலுன்னு கொண்டாடுறாங்களே, என் ஒன்பதப் பத்தி ஒரு வார்த்தை உண்டா? சுண்டல் தண்ணியில பொழைச்ச நெல்லு டீச்சர்! பொண்ணுகிட்டக் கேட்டேன். அது பத்து நாள் என்கூடப் பேசாம இருந்து, அப்புறம் கோவம் ஆறி வந்த சமயம். "அது நல்ல தண்ணியால பொழைச்சுச்சும்மா. உப்ப நிறுத்திட்டீங்க, நல்ல தண்ணி ஊத்தி இருந்த உப்பையும் எறக்கிட்டீங்க. அந்தப் புரதம் நெல்லு தானாச் செஞ்சுக்கிறது, வெதையிலயே அதுக்கு விதி இருக்கு, வெளிய இருந்து ஊத்தினா வேலைக்கு ஆகாது"ன்னுது. நான் ஒத்துக்கலை. இல்லவே இல்லைன்னுட்டேன். ரெண்டு பேரும் சத்தம் போட்டுக்கிட்டோம். கடைசில அது என்னா சொல்லுச்சு தெரியுமா? "நான் சொல்றதையும் நம்ப வேணாம், நீங்க சொல்றதையும் நம்ப வேணாம். போட்டுப் பாத்துடலாம்"னுச்சு.

இப்பப் பண்ணையில மூணு பாத்தி போட்டிருக்கு. மூணுலயும் பொன்னிதான். ஒண்ணுக்கு வெறும் உப்புத் தண்ணி. ஒண்ணுக்கு உப்புத் தண்ணியும் சுண்டல் தண்ணியும். ஒண்ணுக்கு நல்ல தண்ணி. நடுப் பாத்திக் குச்சியில நம்பரு கெடையாது டீச்சர், "தையல்நாயகி"ன்னு எழுதியிருக்கு. அச்சடிச்ச எழுத்து. "உங்க கையாலயே ஊத்துங்கம்மா, அப்பத்தான் நாளைக்கு நாங்க சரியா ஊத்தலைன்னு சொல்ல மாட்டீங்க"ன்னுச்சு. பத்தியம் மட்டும் கூடவே கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிச்சு. அதுக்குத்தான் வாரத்துல ரெண்டு நாள் இந்தத் தூக்கும் கையுமா இந்தப் பஸ்ஸுல போறேன்.

என் பாத்தி எப்படி இருக்குன்னா கேக்குறீங்க? நல்லா... நல்லாத்தான் இருந்துச்சு. மொத வாரம் நல்லா இருந்துச்சு. இப்ப வெயிலு அதிகம். பண்ணை மண்ணும் சரியில்லை. இந்த வருஷம் கடையில வந்த கொண்டக்கடலையே சொத்தை.

ஏன் டீச்சர் அப்படிப் பாக்குறீங்க? சரி, சொல்லிடறேன். போன வெள்ளிக்கெழமை பாத்தேன். நுனி சுருண்டுடுச்சு. உப்புத் தண்ணிப் பாத்தி எப்படியோ அப்படியே என் பாத்தியும். நல்ல தண்ணிப் பாத்தி மட்டும் பச்சையா நிக்குது. எனக்கென்ன கண்ணு தெரியாதா? என் பேரு எழுதுன குச்சிக்குக் கீழ காஞ்சிக்கிட்டு நிக்குது. நம்பரு போட்ட பயிருன்னாக்கூடத் தேவலை.

யாராச்சும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாப் பரவாயில்லை டீச்சர். அந்தப் பொண்ணு நிக்க மாட்டேங்குது. நான் போனதும், "வாங்கம்மா, நீங்க ஊத்திட்டு வாங்க, நான் உள்ள வேலையா இருக்கேன்"னு போயிடுது. திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. ஒரு தடவை காரியத்தக் கெடுத்தவ நான், என்னையே மறுபடியும் நம்பி விட்டுட்டுப் போகுது. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. நல்ல தண்ணித் தொட்டிய மட்டும் பூட்டி வச்சிருக்காங்க, அது அந்தப் பண்ணை ஆளு வேலை.

அதோ பண்ணை மதில் தெரியுது. நான் எறங்கணும். தூக்கக் குடுங்க. சிந்தலையே? புண்ணியம். இருங்க, இந்தப் பாட்டில வாங்கிக்குங்க. ரெண்டு லிட்டர், குழாய்த் தண்ணிதான், நல்ல தண்ணி. எனக்குக் குடிக்கத்தான் எடுத்துட்டு வந்தேன். எனக்குக் குடிக்கத்தான்னு வீட்டுல இருந்து சொல்லிக்கிட்டே வந்தேன்.

தாகம் இல்லைன்னாலும் குடிங்க டீச்சர். மிச்சத்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குக் குடுங்க. பாட்டிலையும் நீங்களே வச்சுக்குங்க. என் கையில இருந்தா நான் ஊத்திப்புடுவேன்.